மாணவர் மனநலமும் மலைவெளி முகாமும்



நம் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வரை துணை நிற்கும் நாம், விடுதி அறையில் அவர்கள் படும் மனத்துயரைக் கேட்பதில்லை. 2016 சனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை இழந்த பின்னரும் இவ்வாறிருத்தல் தகுமா?

ஆண்டுதோறும் மூன்று நாள் கொல்லிமலையில் மாணவர் முகாம் நடத்த விழைகிறோம். காலையில் அருவி வரை நடை. மாலையில் மனநல மருத்துவர் முன்னிலையில் மனம்விட்டுப் பேச்சு. 1927இல் மகத்துப் பொதுக்குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகி நிலைநாட்டிய உரிமை, மலைக்கும் காட்டுக்கும் பொருந்தும்.

மூன்று நாளில் துயர் முற்றும் தீராது. பேசும் பழக்கம் பிறக்கும். பின்னரும் மனம் தளர்ந்தால் 14416 என்னும் மனநல உதவி எண்ணை இரவிலும் அழையுங்கள். தவறிய தேர்வை மீண்டும் எழுதலாம். நீங்கள் எங்களுக்கு வேண்டும்.