லீவ் வேகன்சி டீச்சர்

(டில்லிக் கிளைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'இன்றைய கல்வியும் இளைஞர்களும்'. அது என் சக்திக்கு மீறியது. 32 வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன பிறகு, ஒரு பள்ளியில் ஆறு மாசம் லீவ் வேகன்சியில் வேலை பார்த்தேன். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிரசவ விடுப்பு 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ரொம்ப நல்ல காரியம். நாங்களெல்லாம் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மூன்றாம் மாசமே சாக்பீஸைப் பிடித்தவர்கள். ஆனால் 26 வாரம் என்பது பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு வருஷப் பாடத்தில் பெரும் பகுதி. அந்த நாற்காலியில் வந்து உட்காருபவரை யாரும் டீச்சராகவே நினைப்பதில்லை. பியூன்கூட நினைப்பதில்லை.

எனக்குக் கொடுத்தது 11-ஆம் வகுப்பு, காமர்ஸ் பிரிவு. நான் உள்ளே போனதும் வந்த முதல் கேள்வி, "மேம், ஆப் கித்னே தின் கே லியே?" எத்தனை நாளைக்கு என்று தெரிந்துகொண்டால், அத்தனை நாள் நோட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் இருக்கலாம் அல்லவா! போர்டு பரீட்சை 12-ல்தான். 11 என்பது அவர்களுக்கு ஒரு வெயிட்டிங் ரூம்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் தினமும் தூங்குவான். மற்ற டீச்சர்கள் "அவனை விட்டுவிடுங்கள்" என்றார்கள். விசாரித்ததில், காலை நாலு மணிக்கு எழுந்து அப்பாவோடு பால் பாக்கெட் போடுகிறான் என்று தெரிந்தது. நான் எழுப்பவில்லை. பாடம் பெருக்குத் தொடர். ஒருநாள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு போர்டில் எழுதினேன்: 12,000 ரூபாய் மொபைல், 10 சதவீத வட்டி, 12 தவணை, மாசம் 1,100 ரூபாய். "கடைக்காரன் சொல்வது நிஜமா?" என்று கேட்டேன். நிஜம்தான், 1,200 ரூபாய்தானே வட்டி என்றார்கள். "ஆறு மாசத்தில் பாதிக் கடனை அடைத்துவிட்டாய், மீதி ஆறு மாசமும் முழுத் தொகைக்கு ஏன் வட்டி கட்டுகிறாய்?" என்றேன். வகுப்பு கொஞ்சம் அமைதியானது. ஒவ்வொரு தவணையின் இன்றைய மதிப்பையும் தொடராக எழுதிக் கூட்டிப் பார்த்தால் உண்மையான வட்டி ஏறக்குறைய 18 சதவீதம் வருகிறது. தூங்குகிற பையன் எப்போது எழுந்தான் என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் அப்பாவின் ஸ்கூட்டர் கடன் காகிதத்தைக் கொண்டுவந்து டெஸ்க்கில் வைத்தான். மூன்று நாள் நாங்கள் இருவரும் அதைப் போட்டுப் பார்த்தோம். அவன் தூக்கம் அதோடு தீரவில்லை. நாலு மணிக்கு எழுகிறவன் தூங்கத்தான் செய்வான். ஆனால் கணக்குப் பீரியடில் மட்டும் விழித்திருந்தான். வகுப்பில் பாதிப்பேர் கடைசிவரை அசையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சயன்ஸ் பிரிவின் சேதி வேறு. அங்கே 'அரேஞ்ச்மென்ட்' பீரியடுக்குப் போவேன். பெஞ்சுகள் பாதி காலி. 75 சதவீத வருகை வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. சொல்கிறது, வராத பிள்ளைகளின் பெயரை மட்டும் வைத்திருக்கும் டம்மி ஸ்கூல் வியாபாரத்துக்காக, 2024 நவம்பரில் டில்லியிலும் ராஜஸ்தானிலும் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்தும் செய்தது. நான் இருந்த பள்ளி அந்த ரகமல்ல. அங்கே வருகிற பிள்ளைகள் வந்தார்கள், கோச்சிங் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு.

அதில் ஒருவன் நம்மவர் வீட்டுப் பிள்ளை. யார் என்று தேட வேண்டாம், அவர்கள் இப்போது டில்லியில் இல்லை. எந்தக் கணக்கைப் போட்டாலும் விடை சொல்வான், முகத்தில் ஒரு துளி வெளிச்சம் இருக்காது. ஒருநாள் எல்லோரும் போன பிறகு தமிழில் பேசினான். "மாமி, எனக்கு இதெல்லாம் வரும். ஆனா பிடிக்கலை. அப்பாகிட்ட சொல்லிடாதீங்கோ." வேறு என்னடா பிடிக்கும் என்றேன். "தெரியலை மாமி, யோசிக்கிறதுக்கு டயமே இருந்ததில்லை" என்றான். எட்டாம் வகுப்பிலிருந்து சாயங்காலம் கோச்சிங், ராத்திரி பத்து மணிக்கு வீடு.

2024-ல் ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் சுமார் 14 லட்சம் பேர். ஐ.ஐ.டி.க்களில் இருந்த இடங்கள் சுமார் 17,700. நம் சங்கத்தில் கணக்குத் தெரியாதவர்கள் யாரும் இல்லை, நானாக வகுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் அகங்களில் இந்தக் கணக்கை மட்டும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. கிடைக்காத பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம், கிடைத்தாலும் பிடிக்காத பிள்ளை ஒருவன் இருப்பான் என்பது நமக்குத் தோன்றுவதேயில்லை.

அவன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அவனும் நானும் இரண்டு நாள் லஞ்ச் நேரத்தில் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் பேப்பர் படித்து முடித்த பிறகு என்று தீர்மானமாயிற்று. சொன்னான். பிறகு நடந்தது அவர்கள் வீட்டு விஷயம்.

இன்னொரு சேதி. பி.எட். முடித்து வீட்டில் இருக்கும் மாமிகளும், ரிட்டயர் ஆன டீச்சர்களும் இந்தச் சபையிலேயே நாலைந்து பேராவது இருப்பார்கள். ஏப்ரலில் புது செஷன் தொடங்குவதற்கு முன் பக்கத்துப் பள்ளியில் பெயரைக் கொடுத்து வையுங்கள். சம்பளம் சொற்பம், அதுவும் தாமதமாக வரும். சர்டிபிகேட் நகல்களில் இரண்டு செட் எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றை எப்படியும் தொலைத்துவிடுவார்கள்.