போர்டிகோவில் ஒரு லிஃப்ட்



வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டு ஷெட்டிலேயே, இரண்டு தூண் வைத்த லிஃப்டில் காரை ஏற்றி, அடியில் நிமிர்ந்து நின்று ஸ்பேனர் பிடிப்பதை மொபைலில் பார்த்தால் நமக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில் புதுவீடு கட்டுகிறவர்கள், போர்டிகோவில் அப்படி ஒன்று போட்டால் என்ன என்று யோசிப்பதில் தப்பில்லை.

முதலில் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். கார் உயரம் ஒன்றரை மீட்டர். அடியில் ஆள் நிற்க வேண்டுமென்றால் அதை 1.8 மீட்டராவது தூக்கியாக வேண்டும். கூட்டினால் 3.3 மீட்டர், ஏறக்குறைய 11 அடி. நம் போர்டிகோ பெரும்பாலும் 10 அடிதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் தரைக்குக் கீழே. லிஃப்டின் தூண்களை ஆங்கர் போல்ட் போட்டு கான்கிரீட்டில் இறுக்க வேண்டும். ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரம் அந்த இரண்டு பாதங்களில்தான் இறங்கும். நாமோ மண்ணைக் கொட்டி நிரப்பி, மேலே மெல்லிசாகக் கலவை போட்டு, டைல்ஸ் ஒட்டியிருப்போம். பல வீடுகளில் தண்ணீர்ச் சம்ப் போர்டிகோவுக்கு நேர் கீழே. சில வீடுகளில் செப்டிக் டேங்க்கும் அங்கேயே. அந்த மூடியின் மேல் லிஃப்ட் என்ன, ஜாக்கிகூட வைக்கக் கூடாது.

1920-களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் பீட்டர் லுனாட்டி என்பவர், சலூன் நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் கார் லிஃப்டை உருவாக்கினார் என்பார்கள். நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடையில் ஒற்றைத் தண்டில் கார் மேலே எழும்புகிறதே, அது இதன் வாரிசு. உள்ளே நடப்பது பாஸ்கல் சொன்ன விதி. சின்ன பிஸ்டனில் கொடுக்கும் அழுத்தம் எண்ணெய் வழியாக அப்படியே பெரிய பிஸ்டனுக்குப் போகும். அதன் பரப்பு 20 மடங்கு என்றால் விசையும் 20 மடங்கு. ஆனால் அத்தனை எண்ணெயையும் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீல். அது போய்விட்டால் கார் இறங்கிவிடும், சொல்லிக்கொண்டு இறங்காது. அதனால்தான் லிஃப்டில் இரும்புப் பூட்டு வைக்கிறார்கள். ஜாக்கிக்கு அந்த வேலையைச் செய்வது ஸ்டாண்டு. வீட்டுக்கு ஒரு ட்ராலி ஜாக்கி, இரண்டு நல்ல ஸ்டாண்டு இருந்தால் தாராளம்.

தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியில் பெரிய தேர் வரும்போது, என் கண் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்கள் மேல்தான் இருக்கும். காருக்கும் முதல் வேலை கட்டை போடுவதுதான். ‘ஹேண்ட் பிரேக் போட்டாச்சே’ என்பீர்கள். பெரும்பாலான கார்களில் அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் தரையில் நிற்பது முன் சக்கரம், ஹேண்ட் பிரேக் அதைத் தடுக்காது. ஆகவே, எந்தப் பக்கம் தூக்குகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை.

வீல் நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே கொஞ்சம் இளக்கிக்கொள்ளுங்கள். கதவுக்குக் கீழே விளிம்புத் தகட்டில் இரண்டு வெட்டுக்குறிகள் தெரியும், பாரம் தாங்கும் இடம் அதுதான். ஸ்டாண்டு வைத்து ஜாக்கியை இறக்கிய பிறகு, வண்டியைக் கையால் ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தையும் அடியில் படுக்கப் போட்டுவிட்டுப் பிறகு உள்ளே நுழையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் முட்டுக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். திடீரென்று நொறுங்கும்.

ஆயில், ஃபில்டர் மாற்றுவது, பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது, இதெல்லாம் வீட்டிலேயே செய்யலாம். கிளட்ச், கியர்பாக்ஸ் மெக்கானிக்குக்கே இருக்கட்டும். வடித்த பழைய ஆயில் மூன்று நான்கு லிட்டர் மிஞ்சும். சாக்கடையில் ஊற்றி ஏரித் தண்ணீரைக் கெடுக்காதீர்கள். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் பேரலில் சேர்த்துக்கொள்வார்கள்.