கேம் திணறுதா? பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி நம்பரைப் பாருங்க

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் சித்தி பையன் போன் பண்ணினான். கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறான்.

"அண்ணா, லேப்டாப் போயிடுச்சு போல. ஒரு வாரமா கேம் ஸ்லைடு ஷோ மாதிரி ஓடுது. கடையில காட்டினேன். கிராபிக்ஸ் சிப் அடி வாங்கியிருக்கும், போர்டையே மாத்தணும், 25,000 ரூபாய் ஆகும்னு சொல்றாங்க. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. ஆப்ல லோன் போட்டுச் சமாளிச்சிடலாம்னு பார்க்கிறேன்."

லோன் ஆப்னு கேட்டதும் என் தூக்கம் போயிடுச்சு. அந்த லேப்டாப்புக்கே சித்தப்பா இன்னும் இஎம்ஐ கட்டிட்டு இருக்கார். "ரெண்டு நாள் டைம் கொடுடா, அதுவரைக்கும் ஒரு ரூபாய் செலவு பண்ணாதே"ன்னு சொல்லி வச்சேன். அந்த ரெண்டு நாள்ல நாங்க என்ன பண்ணினோம்ங்கிறதுதான் இன்னைக்கு எபிசோடு.

முதல்ல என் கதையையும் சொல்லிடுறேன். காலேஜ் படிக்கும்போது என் லேப்டாப்லயும் கேம் திணறிச்சு. ரேம் பத்தலைன்னு நானே முடிவு பண்ணி, இன்டர்ன்ஷிப்ல வந்த முதல் காசுல ரேம் வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில பார்த்தா ஃபேன்ல தூசி அடைச்சிருந்தது. சூடு தாங்காம ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைச்சிக்கிட்டு இருந்தது. ஒரு பிரஷ்ல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

அதனால தம்பி சொன்னதும் என் மனசுல ஓடின முதல் வார்த்தை, 'தூசி'. ஆனா இந்தத் தடவை வாயைத் திறக்கலை. "நம்பரைப் பார்ப்போம்"னு மட்டும் சொன்னேன். ஒரே கேம், ஒரே இடம், ஒரே செட்டிங்ஸ். அவனுக்கு வந்தது 28 ஃப்ரேம். 60 ஃப்ரேம் வேணும்னா ஒவ்வொரு படமும் சுமார் 16.7 மில்லிசெகண்டுக்குள்ள தயாராகணும். இங்க ஒரு படத்துக்கே 35 மில்லிசெகண்டுக்கு மேல ஆகுது.

முதல் கேள்வி: கேம் எந்தச் சிப்புல ஓடுது? கேமிங் லேப்டாப் பலதுல ரெண்டு கிராபிக்ஸ் இருக்கும். ஒண்ணு ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற சின்னது, இன்னொண்ணு தனியா இருக்கிற பெரியது. கேம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல எது வேலை செய்யுதுன்னு பாருங்க. சின்னதுல ஓடினா, விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ்னு போய் அந்தக் கேமுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்க. தம்பிக்குப் பெரியதுலதான் ஓடிட்டு இருந்தது. சரி, அடுத்தது.

ரெண்டாவது கேள்வி: சூடு எவ்வளவு? இதுக்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. ப்ராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டு, அதே நேரம் கிளாக் வேகம் சரிஞ்சா, சூடுதான் காரணம். முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடி அப்புறம் படுத்துக்கிறது இதோட அடையாளம். தம்பிகிட்ட ப்ராசஸர் 78 டிகிரி, கிராபிக்ஸ் 61 டிகிரி. அதோட, முதல் நிமிஷத்துலேர்ந்தே திணறுது. ஆக, தூசி இல்லை. என் அனுபவத்தை மட்டும் நம்பியிருந்தா, லேப்டாப்பைப் பிரிக்கச் சொல்லியிருப்பேன்.

மூணாவது கேள்வி: கரண்ட் எவ்வளவு போகுது? அவன்கிட்ட இருக்கிறது என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060. லேப்டாப்ல இந்தச் சிப்பை 35 வாட்டுலேர்ந்து 115 வாட் வரைக்கும் கம்பெனிகள் செட் பண்ணலாம். பேர் ஒண்ணுதான், வேகம் வேற வேற. தம்பியோடது 115 வாட் மாடல். ஸ்கிரீன்ல காட்டினது 30 வாட். பக்கத்துலயே 'பெர்ஃபார்மன்ஸ் லிமிட் - பவர்' வரியில 'எஸ்'னு இருந்தது.

"சார்ஜர் சொருகியிருக்கியாடா?"

"சொருகித்தான்ணா இருக்கேன். ஆனா விளையாடும்போது பேட்டரி இறங்கிட்டே இருக்கு."

"சார்ஜரை போட்டோ எடுத்து அனுப்பு."

போட்டோ வந்தது. உள்ளங்கை அளவு டைப்-சி சார்ஜர், 65 வாட். லேப்டாப்போட வந்த 230 வாட் அடாப்டர் எங்கடான்னு கேட்டா, கனமா இருக்குன்னு லீவுக்குப் போனப்போ சேலத்துல வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டானாம்.

கணக்கைப் பாருங்க. கிராபிக்ஸுக்கு மட்டுமே 115 வாட் வேணும். அதுக்கு மேல ப்ராசஸர், டிஸ்ப்ளே, ஃபேன். வர்றதோ 65 வாட். பேட்டரியும் கொஞ்சம்தான் கைகொடுக்க முடியும். அதனால லேப்டாப் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்குது. இது பழுது இல்லை, பாதுகாப்பு. சார்ஜரே இல்லாம பேட்டரியில மட்டும் விளையாடினா வேகம் குறையறதும் இதே காரணத்தாலதான்.

கடைக்காரரைத் திட்டவும் எனக்கு மனசு வரலை. அவர்கிட்ட போனதும் அதே 65 வாட் சார்ஜர்தான். ஆனா வேற சார்ஜர்ல ஒரு தடவை போட்டுப் பார்க்காமலே போர்டுன்னு சொன்னதுதான் தப்பு. சரியான அடாப்டர் போட்டும், சூடு இல்லாமலும், ஸ்கிரீன்ல கலர் கலரா கட்டம் வந்தாலோ லேப்டாப் அடிக்கடி ஆஃப் ஆனாலோ, அப்போ சர்வீஸ் சென்டருக்குப் போகணும். வாரன்டி இருக்கான்னு முதல்ல பார்த்துட்டுப் போங்க.

சித்திகிட்ட சொல்லி அடாப்டரைப் பஸ் பார்சல்ல அனுப்பச் சொன்னோம். "இந்தச் செங்கல் எதுக்குடா?"ன்னு கேட்டாங்களாம். "படிக்கத்தான்மா"ன்னு சொல்லியிருக்கான். மறுநாள் அதே கேம், அதே இடம், அதே செட்டிங்ஸ். மாத்தினது சார்ஜர் மட்டும்தான். 91 ஃப்ரேம். செலவு, பார்சலுக்கு 120 ரூபாய்.

அன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட ஒண்ணு சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்லிட்டு முடிச்சிக்கிறேன். லேப்டாப் போனா அப்பா ஒரு நாள் திட்டுவார். லோன் ஆப் தினமும் திட்டும். யாராவது ஒருத்தர்கிட்ட முதல்ல வாயைத் திறந்து சொல்லுங்க. ராத்திரி பதினொன்றரை ஆனாலும் பரவாயில்லை.

அடுத்த வாரம் பார்க்கலாம். அதுவரைக்கும் உங்க சார்ஜர்ல எத்தனை வாட்டுன்னு ஒரு தடவை திருப்பிப் பாருங்க.