திரும்பி வருதல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டையொட்டிக் காங்கேசன்துறையில் நடைபெற்ற நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



பாவம், மனந்திரும்புதல், மன்னிப்பு ஆகிய மூன்றையும் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். போதகர் ஒருவர் பேசவேண்டிய பொருளை வைத்தியரிடம் தந்திருக்கிறார்கள். நம்மிடையே சைவப் பிள்ளைகளும் பலர் இருப்பதால், கிறிஸ்தவ நம்பிக்கை சொல்வதை முதலில் எளிமையாகச் சொல்லிவிட்டு, அது இந்த மண்ணில் நம்மிடம் என்ன கேட்கிறது என்பதற்கு வருகிறேன்.

தகாததைச் செய்தால் பாவம் என்கிறோம். துன்பப்படுகிறவரைக் கண்டாலும் "ஐயோ பாவம்" என்கிறோம். இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துபோவதை வாட்டில் அடிக்கடி காண்கிறேன். "நான் என்ன பாவம் செய்தேனோ, எனக்கு இந்த வருத்தம் வந்தது" என்று கேட்காத நோயாளிகள் குறைவு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது சீடர்களும் இயேசுவிடம் இதைத்தான் கேட்டார்கள்: இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா? இரண்டுமில்லை என்றார் அவர். யோவான் 9ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். ஆகவே வருத்தம் தண்டனையல்ல. பாவம் என்பது கடவுளோடும் அயலவரோடும் உள்ள உறவை முறிப்பது. செய்ததாலும் அது முறியும். செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதாலும் முறியும்.

அடுத்தது மனந்திரும்புதல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய 'மெத்தனோயா' மனம் மாறுவதைக் குறிக்கும். பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல்லாகிய 'சூவ்' திரும்பி வருவதைக் குறிக்கும். நம்முடைய தமிழ்ச் சொல்லில் மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது.

திரும்புதல் என்றால் என்ன என்று காங்கேசன்துறையாருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2015 ஜனவரியில்தான் காங்கேசன்துறைக்கு மறுபடியும் ரயில் ஓடியது. காணிகள் கட்டங் கட்டமாக விடுபட்டன. சில இன்னும் விடுபடவில்லை. காணி உறுதியைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தபடி முகாமிலும் வாடகை வீட்டிலும் கண்மூடியவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பிள்ளைகளிடம் போய், "நடந்தது நடந்துவிட்டது, மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கும் கொடை. அதை வேறொருவர் வாங்கிக் கொடுக்க முடியாது.

எரிகோ ஊரின் வரி வசூலிப்பவனான சகேயுவை நினைத்துப் பாருங்கள். ஊரே வெறுத்த அவனுடைய வீட்டுக்கு இயேசு தாமாகவே விருந்தாளியாகப் போனார். தயவு முதலில் வந்தது. அந்தத் தயவைப் பெற்ற சகேயு அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு என்று எழுந்து நின்று சொன்னான். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் மனந்திரும்புதலின் பகுதிதான். சீழ்கட்டிய புண்ணை வெட்டித் துப்பரவாக்காமல் மேலே தைத்துவிட்டால் என்ன நடக்கும் என்று நம்மில் உள்ள தாதிமாருக்குத் தெரியும். உண்மையைச் சொல்லாத மன்னிப்பும் அப்படித்தான் உள்ளே அழுகும்.

இதுவரை பிறர் நமக்குச் செய்ததைச் சொன்னேன். அதே 1990 ஒக்டோபரில், நாங்கள் இடம்பெயர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தபோது, வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30இல் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலுமாகச் சுமார் 75,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். வீடிழப்பது என்னவென்று அப்போதுதான் அறிந்திருந்த எங்கள் சமூகத்தில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. பயம் இருந்தது, அது உண்மை. பயம் போன பிறகும் மௌனம் நீடித்தது, அதுவும் உண்மை. 2002இல் புலிகள் தரப்பிலிருந்து வருத்தம் தெரிவிக்கப்பட்டது. ஆனாலும் ஊர் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் சில, திரும்ப முடியாதவை பல.

பத்தாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டியவனின் கழுத்தைப் பிடித்த கதையை மத்தேயு 18இல் வாசிக்கிறோம். நீதி எங்களுக்கு மட்டும் வேண்டும் என்று கேட்கும்போது நாங்களும் அந்த ஊழியனின் அருகில்தான் நிற்கிறோம்.

காணிக்கையோடு பலிபீடத்துக்கு வரும்போது உன்மேல் ஒருவருக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவரிடம் போ என்பது இயேசுவின் மலைப்பிரசங்கப் போதனை. அவர்மேல் உனக்குள்ள குறையை அங்கே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்று நாம் நூறு வருட நன்றிக் காணிக்கை படைக்கிறோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கொழும்பிலும் இருக்கும் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வகுப்புப் படங்களை எடுத்துப் பாருங்கள். 1990க்குப் பிறகு முகவரி இல்லாமற்போன முஸ்லிம் தோழி யாராவது அதில் இருந்தால் தேடுங்கள். அவரைக் கண்டால் விளக்கம் சொல்லவேண்டாம்; அவர் சொல்வதைக் கேளுங்கள். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவருடைய விருப்பம். போய்க் கேட்பது நம்முடைய கடமை.