மலை நம்மை இறங்கச் சொல்கிறது

(பட்டிமன்றத் தலைப்பு: புனித மலை மனிதனுக்குச் சொல்வது ‘ஏறு’ என்பதா, ‘இறங்கு’ என்பதா? ‘இறங்கு’ அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்களையெல்லாம் மலையேறச் சொன்ன எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) விழுப்புரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்குச் சொந்த ஊர் பக்கத்துல திண்டிவனம்தான். எதிரணித் தலைவர் வந்தார். ‘மலை உயரம், உயரம்தான் புனிதம், அதனால ஏறு’ன்னு முடிச்சுட்டார். ஐயா, உயரம்தான் புனிதம்னா நாம முதல்ல செல்போன் டவருக்குத்தான் தேங்காய் உடைக்கணும்! (சிரிப்பு)

எங்க ஊர்லேருந்து திருவண்ணாமலை போற ரோட்டுல செஞ்சிக்கோட்டை இருக்கு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னத்தில் சேர்த்தது. நம்ம மாவட்டத்துக்குப் பெருமை. (கைத்தட்டல்) அங்கே ராஜகிரி ஏறியிருக்கீங்களா? உச்சியைத் தொடுறதுக்கு முன்னால, மலையே பிளந்த மாதிரி ஒரு பள்ளம். அதைத் தாண்ட ஒரு மரப்பாலம். எதிரி வந்தா பாலத்தை எடுத்துடலாம். அப்புறம் ஒருத்தனும் மேலே வர முடியாது. ராஜாவுக்கு மலை எதுக்கு? கீழே இருக்கிறவன் மேலே வராம இருக்கறதுக்கு!

இந்த ராஜகிரி ஆசையைத்தான் பிசாசு இயேசுவுக்குக் காட்டினான். மிக உயர்ந்த ஒரு மலைக்குக் கொண்டுபோய், உலகத்து ராஜ்யங்களையெல்லாம் காட்டி, ‘என்னைக் கும்பிடு, எல்லாம் உனக்கு’ என்றான். இயேசு ‘அப்பாலே போ’ என்று விரட்டிவிட்டார். ஆக, உயரத்தில் தெய்வம் மட்டும் இல்லை ஐயா, சோதனையும் அங்கேதான் இருக்கு!

அம்மையார் கேட்டாங்க, ‘மோசே சீனாய் மலை ஏறலைன்னா பத்துக் கட்டளை கிடைச்சிருக்குமா?’ன்னு. நான் கேட்கிறேன், அவர் இறங்கலைன்னா நமக்குக் கிடைச்சிருக்குமா? நாற்பது நாள் மேலே இருந்தார். கீழே ஜனங்க பொன்னுல கன்னுக்குட்டி செஞ்சு ஆடிக்கிட்டிருந்தாங்க. தபால்காரர் ஆபீசுக்குப் போய்த் தபாலை வாங்கினாப் போதுமா? தெருவுக்கு வர வேண்டாமா? (கைத்தட்டல்)

இன்னொரு மலை. தாபோர் மலை என்று மரபு சொல்லும். இயேசு மூணு சீடர்களைக் கூட்டிக்கிட்டு ஏறினார். அங்கே அவர் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்தது. பேதுரு என்ன சொன்னார் தெரியுமா? ‘இங்கேயே இருந்துடலாம், மூணு கூடாரம் போடறேன்’ என்றார். நம்ம ஆள்! நல்ல இடத்தைப் பார்த்தா உடனே பிளாட் போடற புத்தி! (பலத்த சிரிப்பு) இயேசு கூடாரம் போட விடலை. இறக்கிக் கூட்டிவந்தார். அடிவாரத்தில் வலிப்பு வந்த பிள்ளையோடு ஒரு தகப்பன் அழுதுகொண்டிருந்தான். அந்தப் பிள்ளையைக் குணமாக்கினார். ஒளி மேலே, அந்த ஒளிக்கு வேலை கீழே. கிறிஸ்தவ இறையியலில் மலைக்கு அர்த்தம் இதுதான் நடுவர் அவர்களே!

நம்ம பக்கத்துக்கு வர்றேன். விழுப்புரத்துல ரயில் ஏறினா, திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம் தாண்டினதும் பரங்கிமலை. புனித தோமையார் உயிர் துறந்த இடம் என்பது அந்த மலையின் மரபு. அதுக்குப் படி கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அவர் படியோடு நிறுத்தலை. 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பாலமும் கட்டினார். இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கும் இடம் அது. படியில் ஏறுகிறவன் பக்தன். பாலத்தில் போகிறவன்? எந்தச் சாமியைக் கும்பிடுறவனும் போவான்! ராஜகிரிப் பாலம் ஆள் வராம இருக்க. உஸ்கான் பாலம் எல்லோரும் வந்துபோக. (கைத்தட்டல்)

ஒன்றை மனசு வலிக்கச் சொல்றேன். நான் கிறிஸ்தவன், எங்க வீட்டுக் குப்பையை நானே கூட்டணும். மலையில் ஏறும்போது எல்லோருக்கும் ஒரே படி. ஊருக்குத் திரும்பினா ஒரே கோயில், ஒரே வேதம். ஆனா செத்தா இந்த ஜாதிக்கு ஒரு கல்லறை, அந்த ஜாதிக்கு ஒரு கல்லறை. தமிழ்நாட்டுல இன்னும் இப்படி ஊர்கள் இருக்கா இல்லையா? இவங்கல்லாம் ஏறினாங்க ஐயா. இன்னும் இறங்கவே இல்லை! (நீண்ட கைத்தட்டல்)

அடுத்தவனைச் சொல்லிட்டேன், என்னையும் சொல்லணும். வேலை தேடி அலைஞ்ச காலம். அம்மாவோடு பரங்கிமலைக்குப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. ‘நீ போயிட்டு வாப்பா’ன்னாங்க. செருப்பையும் பையையும் அவங்ககிட்ட விட்டுட்டு விறுவிறுன்னு ஏறினேன். ஒரு மணி நேரம் முழந்தாளிட்டேன். ‘எனக்கு வேலை கொடு, எனக்கு வேலை கொடு.’ வேற ஒண்ணும் கேட்கலை.

இறங்கி வந்தா, அம்மா மடியில் யாரோ ஒருத்தியோட குழந்தை. காய்ச்சல்ல அனலாக் கொதிக்குது. அம்மா முந்தானையை நனைச்சு அதன் நெத்தியில் ஒத்திக்கிட்டிருக்காங்க. திண்டிவனம் திரும்ப வச்சிருந்த பஸ் காசை எடுத்து அந்தத் தாய் கையில் கொடுத்து, ‘முதல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடு’ன்னாங்க. எனக்குக் கோபம். ‘நாம எப்படிம்மா ஊருக்குப் போறது?’ன்னேன். அம்மா கேட்டாங்க, ‘மேலே போய் என்னடா பார்த்துட்டு வந்தே?’

நடுவர் அவர்களே! நான் ஏறினேன், உச்சியைப் பார்த்தேன். எங்க அம்மா ஒரு படிகூட ஏறலை. அன்னைக்கு அந்த மலையின் அர்த்தம் தெரிஞ்சது எங்க ரெண்டு பேர்ல யாருக்கு? (கைத்தட்டல்)

மணி அடிச்சுட்டீங்க, நானும் மேடையை விட்டு இறங்கிடறேன். (சிரிப்பு) ஏறுவது வழி, இறங்குவதே பொருள் என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.