விலக்கும் தடையும்

ஆங்கிலத்தில் ‘புரொஹிபிட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. சட்டப் புத்தகத்திலும் தெருவோர அறிவிப்புப் பலகையிலும் நாம் அடிக்கடி காணும் சொல் அது. அதன் பொருளையும் பிறப்பையும் இன்று சிறிது ஆராய்வோம்.

இச்சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘ப்ரோ’ என்றால் முன்னே. ‘ஹபேரே’ என்றால் பற்றியிருத்தல். ஆகவே, ஒருவன் போகும் வழியில் முன்னே நின்று அவனைப் பிடித்து நிறுத்துவதே இதன் ஆதிப்பொருள். இதற்கு நெருங்கிய உறவான ‘ஃபர்பிட்’ என்னும் சொல்லோ ஆங்கிலத்தின் பழஞ்சொத்து. அதன் பிற்பகுதிக்கு ஆணையிடுதல், அறிவித்தல் என்று பொருள். வடமொழியில் ‘போதம்’, ‘புத்தர்’ என்னும் சொற்கள் பிறந்த அதே மூலவேரிலிருந்து கிளைத்தது அது. முன்னது கையால் தடுப்பது. பின்னது வாயால் மறுப்பது.

நமது அரசியலமைப்புச் சட்டம் இவ்விரு சொற்களையும் ஆள்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவின் ஆங்கில மூலத்தில் ‘ஃபர்பிட்’ வருகிறது. மனிதரை விற்பதையும் கட்டாய வேலை வாங்குவதையும் தடுக்கும் 23ஆம் பிரிவில் ‘புரொஹிபிட்’ வருகிறது. மது அருந்துவதை ஒழிக்க அரசு முயலவேண்டும் என்னும் 47ஆம் பிரிவிலும் பின்னதன் பெயர்ச்சொல்லே காணப்படுகிறது.

அந்த மதுவின் வழியாகவே இச்சொல் சித்தூர்ச் சீமைக்கு வந்து சேர்ந்தது. இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் இச்சட்டம் அமலுக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதே நாளில் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. திருப்பதி அக்காலத்தில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 2022இல்தான். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அம்மண்ணில், ஒரே சட்டம் இரு பெயர்களைப் பெற்றது. தமிழில் அது மதுவிலக்கு. தெலுங்கில் மத்யபான நிஷேதம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆங்கிலச் சொல் மனிதனைப் பிடித்து நிறுத்துகிறது. தமிழ்ச் சொல்லோ அவன் பாதையிலிருந்து மதுவை அப்பால் அகற்றுகிறது. வடமொழி ‘நிஷேதம்’ என்பதும் விரட்டி ஒதுக்குதல் என்னும் கருத்திலிருந்தே பிறந்தது. குற்றவாளியைத் தேடும் சொல்லாக அன்றி, குடும்பத்தைக் காக்கும் சொல்லாக ‘மதுவிலக்கு’ நம் செவியில் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஆனால் ‘விலக்கு’ என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. மதுவிலக்கு என்றால் மது கூடாது. வரிவிலக்கு என்றால் வரி வேண்டாம். முன்னது கட்டுப்படுத்துகிறது; பின்னது விடுவிக்கிறது. ‘விதி, விலக்கு’ என்று சேர்த்துச் சொன்னால், செய்யத்தக்கதும் செய்யத்தகாததும் என்பது பழைய பொருள். இன்றோ ‘விதிவிலக்கு’ என்றால், விதிக்கு உட்படாதது என்றே கொள்கிறோம்.

‘சுமை வண்டிகளுக்கு விலக்கு’ என்று ஒரு பலகை சொல்வதாக வைத்துக்கொள்வோம். வண்டி போகலாமா, போகக்கூடாதா? நல்லெண்ணத்தோடு படித்துப் போனவன் அபராதம் கட்ட நேரிடும். மூல ஆணையைப் படிக்க இயலாதவனுக்கு மொழிபெயர்ப்பே சட்டம். ஆகவே, மனிதரின் செயலை மறுக்கும் இடத்தில் ‘தடை’ என்றும், கடமையினின்று விடுவிக்கும் இடத்தில் ‘விலக்கு’ என்றும் பிரித்து எழுதுவதே நேர்மையாகும். ‘மதுவிலக்கு’ போல வழக்கில் நிலைத்துவிட்ட சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. அவர்கள் நாள்தோறும் பிறமொழி ஆணைகளுக்கு உட்பட்டு வாழ்கிறார்கள். நல்லவேளையாக, ஆந்திரத்தில் நமக்கு ஓர் உறவுச்சொல் துணைநிற்கிறது. நாம் ‘கூடாது’ என்பதைத் தெலுங்கர் ‘கூடது’ என்பர். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. திருமலையில் மதுவும் புலாலும் கூடா என்பதை எந்த மொழியில் எழுதினாலும், தமிழரும் தெலுங்கரும் மனத்துக்குள் அதை ஏறக்குறைய ஒரே சொல்லால்தான் படிக்கிறார்கள். எளிய மக்களுக்கு எழுதும் பலகையில், இலக்கணச் சிக்கலற்ற அந்தக் ‘கூடாது’ ஒன்றே போதும்.