மிலிட்டரி ஹோட்டலும் மாறிவரும் புலாலும்

'மிலிட்டரி ஹோட்டல்' என்னும் பெயரைத் தமிழாக்குவது எளிதன்று. மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட நாம் 'படைவீரர் உணவகம்' என்று எழுதினால், துப்பாக்கி ஏந்தியவர்க்கு மட்டுமே அங்கே சோறு என்று படிப்பவர் மயங்கக்கூடும். 'புலால் உணவகம்' என்றால் பொருள் வரும், மணம் வராது. ஆகவே பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பண்டத்தைப் பற்றிப் பேசுவோம்.

பெங்களூரில் சைவச் சிற்றுண்டிச் சாலைகளினின்றும் வேறானது, இங்கே இறைச்சி கிடைக்கும் என்று அறிவிக்கவே இப்பெயர் வழங்கலாயிற்று. 1638-இல் பீஜப்பூர்ப் படை இந்நகரைக் கைக்கொண்டபின், இது சிவாஜியின் தந்தையாகிய சகாஜிக்கு ஜாகீராயிற்று. அக்காலந்தொட்டு இங்கே மராத்தியக் குடிகள் உண்டு. பழைய மிலிட்டரி ஹோட்டல்களுள் பலவற்றை நடத்தியவர்கள் அவர்களே. காட்டன்பேட்டையின் எஸ். ஜி. ராவ் மிலிட்டரி ஹோட்டல் 1908-இலும், சிவாஜி மிலிட்டரி ஹோட்டல் 1935-இலும் தோன்றியவை.

நம்மவர்க்கும் இவற்றுக்கும் உறவு உண்டு. 1809-இல் கண்டோன்மெண்ட் ஏற்பட்டது முதலாக அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழர் குடியேறினர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலை தேடி வந்த தனியாளுக்கு, கேழ்வரகுக் களி உருண்டை ஒன்றும், ஆட்டுக்கால் சாறு ஒரு கிண்ணமும் அரைநாளைத் தள்ளப் போதுமானவை. களியைக் கன்னடத்தார் 'முத்தெ' என்பர். பிரியாணியை அவர்கள் 'தொன்னெ'யில் தருவதும், அதில் சீரகச் சம்பா அரிசி வேகுவதும் நமக்கு அந்நியமானவை அல்ல. தொன்னை நம் கோயில் வாசலில் சர்க்கரைப் பொங்கலை ஏந்திய அதே தொன்னைதான். ஏந்தும் பொருள் மட்டும் வேறு!

பழைய உணவகங்கள் மூடப்படுவதும், மீண்டும் உயிர்பெறுவதும் இந்நகருக்குப் புதியன அல்ல. 1924-இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம், நெருக்கடி நிலைக் காலத்தில் உணவுப் பண்டங்களின் விலைக்கு அரசு வரம்பு விதித்தபோது, அவ்விலைக்குத் தரமாகச் சமைக்க இயலாது என்று கதவடைத்தது. பணியாளரைக் கைவிடாமல், பொடிகளும் மாவுக் கலவைகளும் செய்து விற்கத் தலைப்பட்டது. 1984-இல் உணவகம் மீண்டும் திறந்தது. மகாத்மா காந்தி சாலையிலிருந்த இந்தியா காபி ஹவுஸ், 2009-இல் அவ்விடத்தை இழந்து சர்ச் தெருவுக்குப் பெயர்ந்து, அங்கே தன் வாழ்வைத் தொடர்ந்தது.

இவ்விரண்டும் மீண்டதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரவை, நெய், பருப்பு, காப்பிக்கொட்டை ஆகியவை இடைக்காலத்தில் எங்கும் போய்விடவில்லை. சமைக்கும் கையும் உண்ணும் வாயும் இருந்தால் பழைய சுவை திரும்பிவிடும். மிலிட்டரி ஹோட்டலின் நிலை அத்தகையதன்று. அதன் மூலப்பொருளே மாறிவிட்டது.

ஒரு காலத்தில் கோழி அடிப்பதென்றால் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று பொருள். 1970-களுக்குப்பின் பிராய்லர் பண்ணைகள் பெருகி, அப்பெருமையைப் போக்கின. 2022-23-இல் நம் நாட்டில் உற்பத்தியான இறைச்சி ஏறத்தாழ 97.7 லட்சம் டன். அதில் சரிபாதிக்கும் சற்றுக் கூடுதலாகக் கோழியே. கௌதாரியும் காட்டு முயலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் சட்டியை விட்டு நீங்கின, நீங்கியது நன்றே. இப்போது தட்டில் வரும் காடை, 1974-இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடையின் வழிவந்தது. பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் பொருளை முடக்கியவர்கள் 2012-இல் பட்ட பாட்டை இங்கு விரிக்க வேண்டாம். அந்தப் பறவை உணவகத்துக்கு வந்து சேரும் முன்பே கதை முடிந்துவிட்டது. கர்நாடகம் 2020-இல் இயற்றிய சட்டத்தின்படி, மாட்டினத்தில் 13 வயது கடந்த எருமையை மட்டுமே இறைச்சிக்கு வெட்டலாம். சிவாஜிநகர்ப் பகுதியில் மலிவான மாட்டிறைச்சியை நம்பியிருந்த ஏழைகளுக்கு இதனால் நேர்ந்த இடர் சிறிதன்று.

இனி ஆட்டுக்கு வருவோம். நடுத்தர ஆடு ஒன்று பத்துப் பன்னிரண்டு கிலோ இறைச்சி தரும். ஆனால் தலை ஒன்றுதான், கால்கள் நான்குதான், ஈரல், மூளை, சுவரொட்டி ஒவ்வொன்றுதான். முழு ஆட்டை வாங்கிச் சமைத்த நாளில் இவை யாவும் அடுக்களைக்கு வந்தாக வேண்டும். வந்தவற்றை விற்றாக வேண்டும். ஆகவே தலைக்கறியும் குடல் குழம்பும் இரத்தப் பொரியலும் மலிந்திருந்தன. தொடைக்கறிக்குக் காசில்லாதவன் இவற்றைத் தின்று பசியாறினான். தலையையும் காலையும் தீயில் வாட்டி, மயிர் சுரண்டிக் கழுவ ஒருவர் காலைப்பொழுதைச் செலவிட வேண்டும். குடலைக் கழுவுவதோ அதனினும் பெரும்பணி. இன்று துண்டு போட்ட இறைச்சி பையில் வந்து இறங்குகிறது. கழுவும் கைக்குக் கூலி மிகுந்துவிட்டது. எலும்பில்லாத கோழியையே கேட்கிறார்கள் இளைஞர்கள்.

இந்நிலையில் பழைய மிலிட்டரி ஹோட்டலின் பெயரையும் தோற்றத்தையும் சூடிப் புதிய உணவகங்கள் பல எழுந்துள்ளன. கறுப்பு வெள்ளைப் புகைப்படம், பித்தளைக் குவளை, சுவரில் பழைய எழுத்து — குறையொன்றுமில்லை. உணவுப் பட்டியலைப் புரட்டினால் கோழி வறுவல், கோழி மிளகு, கோழி கபாப்! ஓரத்தில் ஆட்டுக்கால் சாறு ஒன்று, பழமைக்கு அடையாளமாக, அன்று கூலியாள் நினைத்தும் பார்க்க முடியாத விலையில். இதனைப் புத்துயிர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. சாயம் பூசிய பலகையைவிட, அழுக்குச் சுவரோடு தலைக்கறி போடும் கடையே நம் கணக்கில் பழைமையைக் காத்திருக்கிறது.

அத்தகைய கடைகள் இன்னும் சில உள. அவை காலையிலேயே அடுப்பு மூட்டி, பிற்பகலில் மூடிவிடுபவை. முதலில் தீர்வது தலைக்கறியும் ஈரலும்தான். பிந்திப் போனவர்க்குப் பிரியாணி மட்டுமே எஞ்சும். முதலாளி மறுநாள் எதை வாங்குவது என்று தீர்மானிப்பது, இன்று எது கேட்கப்பட்டது என்பதை வைத்தே. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நேயர்கள், கோழி வேண்டும் என்று அவர்கள் அடம்பிடித்தால் வாங்கிக் கொடுங்கள். கூடவே குடல் குழம்பு ஒரு கிண்ணம் சொல்லி, நடுவில் வையுங்கள். எது என்று பிள்ளைகள் கேட்பது அதைத் தொட்டுக்கொண்ட பிறகாக இருக்கட்டும்.